365 படியும் ஏற வேண்டியதில்லை

திருத்தணி மலையடிவாரத்தில் குடியிருக்கும் குடும்பம் ஒன்றின் கைபேசியைத் திறந்தால் சில படங்கள் கட்டாயம் இருக்கும். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழுகிற குழந்தை. அதைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் தாய்மாமன். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்த பெரியப்பா. அப்புறம் கேக் வெட்டியது, புதுவீடு புகுந்தது, பள்ளி ஆண்டுவிழா. அதற்கடுத்து ஐந்து மாதம் ஆள் படம் ஒன்றுகூட இருக்காது. இருந்தால் ரேஷன் கார்டு, கேஸ் ரசீது, பிள்ளை எழுதிவராத வீட்டுப்பாடம் ஆகியவற்றின் படங்கள்.

அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், கொடியில் துணி காயவைத்தார்கள். இந்த அத்தியாயம் அந்த ஐந்து மாதத்தைப் பற்றியது.

விசேஷம் வந்தால் கை தானாகக் கேமராவுக்குப் போகிறது. சும்மா இருக்கும் செவ்வாய்க்கிழமைக்கு அது போவதில்லை. போகவைக்க ஒரு வழி, தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொள்வது. "இந்த வாரம் கைகளை மட்டும்." "தினமும் மாலை ஆறு மணிக்கு வாசற்படியை." புகைப்படக்காரர்கள் இதைச் சவால் என்கிறார்கள். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. பிள்ளைகள் கோடு போட்டு பாண்டி ஆடுவது போலத்தான். கோட்டை மிதிக்கக் கூடாது என்ற விதி இல்லாவிட்டால் அங்கே ஆட ஒன்றுமில்லை.

திருத்தணிக்காரர்களுக்கு முதலில் தோன்றக்கூடிய சவால் எதுவென்று ஊகிக்கலாம். மலைக்கோயிலுக்கு ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள். டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மக்கள் ஏறுகிறார்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்லும் வழக்கத்திலிருந்து மக்களைத் திருப்ப வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் இதைத் தொடங்கிவைத்தார் என்பது ஊரறிந்த வரலாறு. நாளுக்கு ஒரு படி என்றால் நாளுக்கு ஒரு படம் என்று மனம் தாவுவது இயல்புதான். உலகமெங்கும் ஜனவரி முதல் தேதி ஆயிரக்கணக்கானோர் இதே 365 சவாலைத் தொடங்குகிறார்கள்.

இதைச் சாதித்துக் காட்டியவர் நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன். 1979 மார்ச் 31-இல் ஒரு போலராய்டு படத்தோடு தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. சரியாக வராவிட்டாலும் அதுதான் அன்றைய படம். சாப்பாட்டு மேசை, நண்பர்கள், சாலை, கடைசியில் மருத்துவமனை என்று 18 ஆண்டுகள் எடுத்தார். தமது 41-ஆவது பிறந்தநாளான 1997 அக்டோபர் 25 அன்று அவர் புற்றுநோயால் இறந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன.

வியக்கத்தக்க வேலை. ஆனால் காலை ஐந்தரைக்குச் சோறு வடித்து, ஏழு மணி ரயிலுக்கு ஒருவரையும் எட்டரை மணி வேனுக்கு இருவரையும் அனுப்பும் வீட்டுக்கு இது முதல் சவாலாக ஆகாது. பொங்கல் வரைக்கும் தாங்கும். அதன்பின் ஒரு நாள் விட்டுப்போகும், அடுத்த நாள் குற்ற உணர்வில் ஜன்னல் கம்பியைப் படமெடுப்பார்கள், அதற்கடுத்த வாரம் நின்றுவிடும். ஏழு நாளில் முடியும் சவாலே தொடக்கத்துக்குச் சரி. மலைக்கும் வண்டிப் பாதை இருக்கிறது. படியேறித்தான் ஆகவேண்டும் என்று முருகன் கட்டாயப்படுத்துவதில்லை.

இனி விதி போடுவது எப்படி என்று பார்க்கலாம். நல்ல விதி குறுகலாக இருக்கும். "வீட்டு வாழ்க்கையை எடுப்பது" என்பது விதி அல்ல, ஆசை. "ஆயாவின் கைகள், முகம் வரக்கூடாது, ஏழு நாள், நாளுக்கு ஒரு படம்" என்பது விதி. திருத்தணிப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆயா, அடுத்த வீட்டில் தெலுங்குப் பேச்சில் அவ்வா. கைகள் இரண்டு வீட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இந்தச் சவாலையே எடுத்துக்கொண்டு நாள்வாரியாக என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதல் நாள் ஆயா ஒத்துழைக்கமாட்டார். "என்னைப் போய் என்னாத்துக்குடா எடுக்கற, தலகூட வாரல" என்பார். தலை வராது, கை மட்டும்தான் என்று சொன்னதும் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு நீட்டிக் காட்டுவார், மருத்துவரிடம் காட்டுவது போல. அந்தப் படம் உதவாது. பரவாயில்லை, எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் வெற்றிலை மடிப்பது, மூன்றாம் நாள் அரிசியில் கல் பொறுக்குவது. நாலாம் நாள் எடுப்பவருக்குச் சலித்துவிடும்; இனி என்ன இருக்கிறது என்று தோன்றும்.

சவால் வேலை செய்யத் தொடங்குவது இந்த நாலாம் நாளில்தான். கைக்கு மேல் பார்க்க அனுமதி இல்லாததால் கண் கீழே போகும். பூக்கட்டும்போது ஆயா வாழைநாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடிப்பதை, பத்து வருடமாக அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அன்றைக்குத்தான் பார்ப்பார். இரண்டு மல்லி இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இழுக்கும் நொடியில் சுட்டுவிரல் வெளுத்து, விட்டதும் மறுபடி சிவக்கும். படம் அந்த இழுப்பில் இருக்கிறது. அதற்கு அரை நொடி முன்பும் இல்லை, பின்பும் இல்லை. தொடர்ந்து நாலைந்து முடிச்சுகளின் தாளத்தைக் கவனித்து, அடுத்த முடிச்சுக்குத் தயாராக இருந்து பொத்தானை அழுத்த வேண்டும்.

இந்த இடத்தில் சில கைவேலைக் குறிப்புகள். கைபேசியின் பிரதான லென்ஸ் அகலமானது. மிக நெருங்கிப் போனால் அருகிலுள்ள விரல் பெரிதாகவும் மணிக்கட்டு சிறுத்தும் தெரியும். ஓரடி பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து 2 மடங்கு வைத்து எடுத்தால் கை கையாகவே வரும். திண்ணை வெளிச்சம் போதும். வீட்டுக்குள் என்றால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து டியூப் லைட்டை அணைத்துவிடுவது நல்லது. பகல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் தோல் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் வரும். இரவில் விளக்கு தேவை என்றால், சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு விழுவதைக் காணலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கேமராவில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் கோடு மறையும். எல்லாவற்றுக்கும் முன்பு லென்ஸைத் துடைக்க வேண்டும். சமையலறைக்குள் போய்வந்த கைபேசியில் எண்ணெய்ப் பூச்சு இல்லாமல் இருந்ததில்லை. 'படம் மங்கலா வருது, போன் பழசாயிடுச்சு' என்று புலம்புவோரில் பாதிப்பேருக்குத் தேவை ஒரு பழைய வேட்டித் துணிதான்.

வீட்டையும் வீட்டாரையும் எடுப்பது பெரிய ஆட்கள் செய்யும் கலை ஆகாது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. மதுரைப் பக்கம் போனால் அது போய்விடும். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தாமாகவே ஒளிப்படம் கற்றவர். வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியவரை 2020 ஊரடங்கு சொந்த வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்தது. வெளியே போக வழியில்லாத அந்த நாட்களில் தன் குடும்பத்தையே படமெடுத்தார். அந்தத் தொகுப்புக்கு அவர் வைத்த தலைப்புக்கு 'மீனைப் போல் உணர்கிறேன்' என்று பொருள். ஊரடங்கு அவருக்குப் போட்ட விதி ஒன்றுதான்: இந்தச் சுவர்களுக்குள். அதே மதுரையில் எம். பழனிகுமார், பொறியியல் படித்த காலத்தில் கடனுக்குக் கேமரா வாங்கியவர். கரிமேடு மீன் சந்தையில் மீன் வாங்கி விற்ற அம்மாவை, விடியுமுன் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே படமெடுத்திருக்கிறார். 'பாரி' எனப்படும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணகத்தில் பணியாற்றும் அவர், தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-இல் முதல் ஆளாகப் பெற்றார். அந்தத் தயானிதா சிங்கின் அம்மா நோனி சிங் தம் பெண்களையும் உறவினரையும் வாழ்நாளெல்லாம் எடுத்துக் குவித்தவர். படங்கள் 2013-இல் நூலாயின. இன்னும் பின்னால் போனால் காசிக்கு அருகே ராம்நகரில் 1919-இல் பிறந்த இரட்டையர் மனோபினாவும் தேபலினாவும் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்த அக்ஃபா கேமராவோடு வீட்டிலிருந்து தொடங்கியவர்கள். மனோபினாதான் பிற்பாடு திரைப்பட இயக்குநர் பிமல் ராயை மணந்தவர்.

இவர்களில் ஒருவரும் விதிப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே சந்தை, ஒரே வீடு, ஒரே குடும்பம் என்று திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றார்கள். சவால் என்பது அந்தப் பிடிவாதத்தைச் சாதாரண ஆட்கள் இரவல் வாங்கும் ஏற்பாடு.

நீண்டகாலச் சவால் வேண்டும் என்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு படம் என்பது நாளுக்கு ஒரு படத்தைவிட நடக்கக்கூடியது. அமெரிக்கரான நிக்கோலஸ் நிக்சன் தம் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுதோறும் எடுத்தார். நால்வரும் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் நின்றார்கள். நாற்பது படங்கள் ஆனபோது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2014-இல் அவற்றை வரிசையாக மாட்டியது. புவெனஸ் அயர்ஸில் தியேகோ கோல்ட்பர்க் குடும்பம் 1976 முதல் ஒவ்வொரு ஜூன் 17-ஆம் தேதியும் ஆளுக்கொரு முகப் படம் எடுத்துவருகிறது. நம் வீட்டில் இதற்கு நாள் பார்க்கவே வேண்டாம், போகி இருக்கிறது. புதுத்துணி போடுவதற்கு முந்தின நாள், வீடு கலைந்து கிடக்கும் நாள். வாசற்படியில் எல்லாரும் வயது வரிசையில் நிற்க வேண்டும். எடுப்பவர் நிற்கும் இடத்தைத் தரையில் பெயின்ட்டால் குறித்துவைக்க வேண்டும். ஜூம் கிடையாது. அடுத்த ஆண்டு வரிசையில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பழைய பிலிம் காலத்தையே விதியாக்கலாம். ஒரு சுருளில் 36 படம். ஒரு சுருளைப் பொங்கலுக்குப் போட்டுத் தீபாவளிக்குக் கழுவிய வீடுகள் நிறைய. ஒரு வாரத்துக்கு 36 படம், எடுத்ததைப் பார்க்கக் கூடாது, அழிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பத்து வயதுப் பையன்கூடப் பொத்தானை அழுத்துமுன் மூச்சை அடக்குவான். பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுக்க இதைவிடத் தோதான வாரம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் பெரியவர்களைக் கீழிருந்து எடுப்பார்கள், மூக்குத் துவாரம் தெரியும், திட்டக் கூடாது.

திருத்தணிக்கென்றே அமைந்த சவால் ஒன்று வெயிலோடு சம்பந்தப்பட்டது. மே மாதத்தில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வாடிக்கை. தொலைக்காட்சியில் வெயில் செய்தி வந்தால் ஊர்ப்பெயரும் வரும். உச்சி வெயிலில் படமெடுக்காதே என்பது எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும் பாடம். ஆண்டில் இரண்டு முறை அதை மீறலாம். ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 17, 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது. ஏப்ரலில் அந்த நேரம் ஏறத்தாழ பகல் 12 மணி 10 நிமிடம், ஆகஸ்டில் ஐந்தாறு நிமிடம் பின்னால். பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை முற்றத்தில் நிறுத்திவைத்து, அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் ஒளிவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்கலாம். பிறகு யாராவது ஈரச் சாக்கின்மேல் நிற்க, மற்றவர் மொட்டைமாடியிலிருந்து குனிந்து எடுக்க வேண்டும். தலையும் தோளும் மட்டும் தரையில் ஒட்டவைத்தது போலத் தெரியும். இதே படத்தை டிசம்பரில் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், வடக்கே நீண்டு விழும் நிழலில் ஒரே முற்றம் இரண்டு முற்றமாகும். வெயிலில் கைபேசி சூடேறிக் கேமரா தானாக நின்றுவிடக்கூடும். எடுக்காத நேரத்தில் துணிக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது, உள்ளே நீர் கோத்துவிடும்.

எல்லையூர் என்பதால் இன்னொன்றும் உண்டு. திருத்தணியில் 1952-இல் பிறந்த ஒருவர் சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தார். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்துக்காரர் ஆனார், 1956-இல் ஆந்திரப் பிரதேசத்துக்காரர். ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று மறுபடி சென்னை மாநிலம், இம்முறை செங்கற்பட்டு மாவட்டம். 1969-இல் தமிழ்நாடு. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். இத்தனைக்கும் அவர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. அப்படியொரு தாத்தா வீட்டில் இருந்தால் சவால் தயார்: ஒரு வாரம், அவருடைய பழைய காகிதங்களில் நாளுக்கொன்று, அதை அவர் கையில் பிடித்திருக்கும்போது. பள்ளிச் சான்றிதழ், பத்திரம், நகரியிலோ புத்தூரிலோ இருக்கும் சம்பந்தி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. எழுத்து தமிழோ தெலுங்கோ, படிக்கும் அளவுக்குத் தெளிவாக விழ வேண்டும் என்பது மட்டுமே தொழில்நுட்ப நிபந்தனை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. ஆகவே மலைக்குப் போகும் நாளின் சவாலைக் கோயிலுக்கு வெளியே முடித்துக்கொள்ள வேண்டும். அதில் நஷ்டம் ஏதுமில்லை. எந்தப் படியில் யார் மூச்சு வாங்க உட்கார்ந்தார் என்பதுதான் குடும்பத்தின் படம். மொட்டை போடும் இடத்தில் தம் பிள்ளையை எடுக்கும்போது அடுத்த வீட்டுப் பெண்ணின் தலையும் சட்டகத்துக்குள் வந்துவிடும். அந்தப் படத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. குளிக்கும் குழந்தை, படுக்கையில் கிடக்கும் பெரியவர், அழுகிற மருமகள் ஆகியோரை எடுப்பதற்குமுன் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விதி போட்டாயிற்று, இன்றைய படம் விட்டுப்போகும் என்பது காரணமாகாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் தனி அனுமதி தேவை. 'எடுத்துக்கோ' என்றவர் 'எல்லாருக்கும் காட்டு' என்று சொல்லவில்லை.

சவால் முடிந்த அன்றே தேர்ந்தெடுக்க உட்கார வேண்டாம். பத்து நாள் கழித்து, எடுத்தவர் தவிர இன்னொருவரும் கூட இருந்து, ஏழில் மூன்றை எடுத்தால் போதும். எடுத்தவருக்குப் பிடித்த படமும் மற்றவருக்குப் பிடித்த படமும் வேறாக இருப்பதே வழக்கம், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அச்சுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும், அல்லது பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும். 4-க்கு 6 அங்குலம் போதுமான அளவு.

பின்பக்கம் எழுதுவதுதான் பலரும் தவறவிடும் வேலை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த பழைய படங்களைத் தேடிச் சேகரித்து எண்மமாக்கியிருக்கிறார்கள். திரைச்சீலை, நாற்காலி, பூச்சாடி, கைக்கடிகாரம் தெரியும்படி மடித்த கை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோ படத்தைக் கையில் எடுக்கும் யாரும் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தை. அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பர்மனென்ட் மார்க்கரால் ஓரமாக எழுதி, மை காயும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைக்க வேண்டும். பெயர், தேதி, இடம் என மூன்று வரி. இடம் என்ற வரியில் 'வீடு' என்று மட்டும் எழுதிவிட்டால் ஐம்பது வருடம் கழித்து அது எந்த வீடு என்று சொல்ல ஆள் இருக்காது. 'திருத்தணி, கீழ்வீடு, கொல்லைப்புறத் திண்ணை, ஆயா பூக்கட்டும் இடம்' என்று எழுதுங்கள்.